இங்கிலாந்து மகாராணியின் நெல்லித்தோப்புப் பவனி

பள்ளிக்கூடப் போட்டிகளில் பிள்ளைகள் கலந்துகொள்வதாக நாட்டில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தவறு. கலந்துகொள்பவர்கள் பெற்றோர்கள். பிள்ளை என்பது பெற்றோரின் திறமையை மாட்டி வைப்பதற்கான ஓர் ஆணி, அவ்வளவுதான். பரிசு கிடைத்தால் அப்பாவுக்கு. அழுகை வந்தால் ஆணிக்கு.

இந்த ஞானம் எனக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் அக்டோபர் மாதச் சனிக்கிழமை, நெல்லித்தோப்பின் ஒரு குறுக்குத் தெருவில், குட்டி யானையின் மேல் நின்றுகொண்டு பெற்றது. (தும்பிக்கை உள்ள குட்டி யானை அல்ல. காய்கறி மூட்டை ஏற்றுகிற சின்ன லோடு வண்டி. நிஜ யானையாக இருந்திருந்தால் அவமானமாவது கொஞ்சம் கம்பீரமாக இருந்திருக்கும்.) இன்றுவரை அந்தத் தெரு வழியாக நான் போவதில்லை. மீன் வாங்கப் போக அதுதான் குறுக்கு வழி. நான் சுற்றிக்கொண்டு போகிறேன்.

என் மகள் செலின் அப்போது ஏழாம் வகுப்பு. அதுவரை அவளுடைய மேடை வாழ்க்கை தாவரவியல் சார்ந்ததாகவே இருந்தது. ஒன்றாம் வகுப்பில் மரம். மூன்றாம் வகுப்பில் இன்னொரு மரம். ஐந்தில் பதவி உயர்வு கிடைத்து, காற்றில் ஆடுகிற மரம். ஆறாம் வகுப்பில்தான் முதன்முதலாகப் பேசும் வாய்ப்பு வந்தது. மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். கூட்டத்தைப் பார்த்தாள். கூட்டம் அவளைப் பார்த்தது. வணக்கம்கூடச் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டாள்.

அதன் பிறகு பதில் தெரிந்தாலும் வகுப்பில் கை தூக்குவதில்லை என்று டீச்சர் சொன்னார். வீட்டுக்கு யாராவது வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குத் தூக்கம் போயிற்று. (என் தூக்கம் போவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை என்பது வேறு விஷயம். கேஸை மூடினோமா என்ற சந்தேகமே போதும்.)

இந்த நிலைமையில்தான், நகரத்துப் பள்ளிகளுக்கு இடையே ஒரு மாறுவேடப் போட்டி வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒரு நாட்டின் பழங்கால உடையில் வந்து, அந்த உடையைப் பற்றியே மேடையில் பேச வேண்டும். செலின் தானாகவே பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். என்னிடம் சொல்லவில்லை. அவள் அம்மா அமலியிடம் சொன்னாள். சமையலறையில் சொன்னது கூடத்தில் எனக்குக் கேட்டது.

"இந்த வாட்டியும் வாய் தொறக்கலன்னா, இனிமே நான் மேடையே ஏற மாட்டேம்மா."

குலுக்கலில் அவளுக்கு வந்தது மறுமலர்ச்சிக் காலத்து இங்கிலாந்து. நானூறு வருடங்களுக்கு முந்தைய மகாராணி. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில், இங்கிலாந்து ராணி. அமலியின் பெரியப்பா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், செய்தி கேட்டு மதிய உணவைப் பாதியில் நிறுத்தினார்.

"இங்கிலீஷ்காரன் நம்ம ஊரையே இடிச்சுத் தரமட்டமாக்கிட்டுப் போனான். அவன் ராணி வேஷம் நம்ம வூட்லயா?"

அதெல்லாம் நடந்து இருநூற்றைம்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது பெரியப்பா என்றேன். பென்ஷன் வாங்குகிறவனுக்கு எதுவும் மறக்காது என்றார். அதோடு விடவில்லை. அந்த மகாராணியைப் போப்பாண்டவரே சபையை விட்டுத் தள்ளி வைத்திருந்தார் என்ற தகவலையும், ரசத்துக்கும் மோருக்கும் நடுவே, எனக்கு நினைவூட்டினார்.

நான் கவலைப்படவில்லை. ஏனென்றால் நான் வரலாற்றில் பட்டம் பெற்றவன். அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருப்பதால் அந்தப் பட்டம் இருபது வருடங்களாக வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தது. இப்போது அதற்கு வேலை வந்துவிட்டது. நெடுநாள் சும்மா இருந்தவன் வேலைக்குக் கிளம்பினால் முதல் நாளே எதையாவது உடைப்பான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஒரு வாரம் படித்தேன். அந்தக் காலத்து இங்கிலாந்துச் சீமாட்டிகள் உடை உடுத்தவில்லை என்று தெரிந்துகொண்டேன். அவர்கள் உடைக்குள் குடியேறினார்கள். பாவாடைக்குள் வளையம் வளையமாக ஒரு கூடு. கழுத்தைச் சுற்றி, மடிப்பு மடிப்பாகக் கஞ்சி போட்டு நிமிர்த்திய தட்டு மாதிரி ஒரு காலர். கை தனி, மார்பு தனி, பாவாடை தனி. எல்லாவற்றையும் ஆட்கள் சுற்றி நின்று குண்டூசியால் உடம்பின் மேல் பூட்டுவார்கள். முகத்தில் சுவர் மாதிரி வெள்ளைப் பூச்சு. முன்நெற்றி முடியைக் களைந்து நெற்றியை ஏற்றிக்கொள்வார்கள். சர்க்கரை பணக்காரர்களுக்கு மட்டுமே கிடைத்ததால், சொத்தைப் பல்கூட ஓர் அந்தஸ்து.

இதையெல்லாம் அப்படியே செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். பல்லைக் கரியால் கறுப்பாக்கலாம் என்று சொன்னபோது, அமலி தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நெற்றி முடி பற்றிய யோசனையை நான் வாய்க்குள்ளேயே விழுங்கிவிட்டேன். தோசைத் திருப்பி மறுபடி அவள் கைக்கு வந்திருந்தது.

செலினுக்கு இதில் எதுவுமே வேண்டியிருக்கவில்லை. கோவிலில் முதல் நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கியபோது தைத்த வெள்ளைக் கவுன் இருக்கிறது, அதைக் கொஞ்சம் பிரித்துவிட்டுப் போட்டுக்கொள்கிறேன் என்றாள். "பேச்சை மட்டும் ஒரு வாட்டி கேளுப்பா" என்று பின்னாலேயே வந்தாள். முதலில் உடை முடியட்டும் என்றேன். என் வாதம் எளிமையானது. உடை போதுமான அளவு பிரமாதமாக இருந்துவிட்டால், இவள் வாயடைத்து நின்றால்கூட உடையே பேசிவிடும். (மகள் பேச வேண்டும் என்பதற்காக நடக்கிற ஏற்பாட்டில், மகள் பேசவே தேவையில்லாத உடையைத் தயாரித்த அறிவாளி நான்தான்.)

தையல்காரர் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. பிளவுஸும் சுடிதாரும் தைக்கிற கடைகளில் படத்தைக் காட்டினேன். ஒருவர் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, சோபா உறையா என்று கேட்டார். கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் சவரிமுத்துவின் கடை. அவர் மனிதர்களுக்குத் தைப்பதில்லை. கோவில் சொரூபங்களுக்குத் தைப்பவர். எங்கள் பக்கத்தில் எந்தத் திருவிழாவிலும் தேர் மேல் நிற்கிற மாதாவின் அங்கி அவர் கைவேலையாகத்தான் இருக்கும். வெல்வெட், சரிகை, முத்து, கிரீடம், எல்லாம் கடையிலேயே இருந்தன. எனக்குப் புல்லரித்தது. நான் தேடிய இங்கிலாந்து அரண்மனை நெல்லித்தோப்பில், ஒரு கோழிக்கடைக்குப் பக்கத்தில் இருந்தது.

"மாதாவுக்கே தைக்கறவன் நானு. உன் ராணி இன்னா, அதுக்கு மேலயா?" என்று சவரிமுத்து அளவு நாடாவை எடுத்தார். "ஒசரம் சொல்லு. பீடத்தோடயா, பீடம் இல்லாமயா?"

"பீடம் இல்லீங்க. பொண்ணு. ஏழாவது படிக்குது."

"ஆங். அப்ப பீடம் இல்லாம" என்று குறித்துக்கொண்டார்.

அந்த நிமிடமே நான் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. சரிகையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

சொரூபத்துக்குத் தைப்பதற்கும் பிள்ளைக்குத் தைப்பதற்கும் சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. சொரூபம் மூச்சு விடாது. உட்காராது. கையைத் தூக்காது. முக்கியமாக, பாத்ரூம் போகாது. ஆகவே முன்பக்கம் ஜொலிக்கும்படி தைத்து, உடம்பின் மேல் வைத்து, சுவர்ப் பக்கம் இருக்கிற முதுகை ஊசியும் நூலுமாக இழுத்து மூடிவிடுவார்கள். பொத்தான் கிடையாது, கொக்கி கிடையாது. சவரிமுத்து தன் வாழ்நாள் முழுவதும் இப்படியே தைத்தவர். யாரும் புகார் சொன்னதில்லை.

நிறத்தில் மட்டும் ஒரு சின்ன விவாதம் வந்தது. அந்த நாட்டில் ஊதாப் பட்டு அரச குடும்பம் மட்டுமே உடுத்தலாம், மற்றவர் உடுத்தினால் சட்டப்படி குற்றம், ஆகவே ஊதாதான் வேண்டும் என்று நான் வரலாற்றுப் பாடம் எடுத்தேன். ஊதா ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கு மட்டும்தான் என்று அவர் தீர்ப்பளித்தார். நீலம் வந்தது. தங்கச் சரிகைக் கரையோடு.

பாவாடைக்குள் வைக்கும் கூட்டைக் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுகிறவரிடம் மூங்கில் பிளாச்சில் செய்து வாங்கினார். காலருக்கு அமலி வீட்டில் கஞ்சி காய்ச்சிப் போட்டாள். கடல் காற்றில் அது மதியத்துக்குள் அப்பளம் நமுத்த மாதிரி தோளில் சாய்ந்தது. சவரிமுத்து அதற்குள் கம்பி கொடுத்து, விளிம்பில் சரிகை ஓட்டி, தலைக்குப் பின்னால் வட்டமாக நிமிர்த்திவிட்டார். அரண்மனையில் பிற்காலத்தில் அப்படித்தான் விசிறி போல நிமிர்த்தி வைத்தார்கள் என்று நான் படித்திருந்தேன். மகிழ்ச்சியில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

நீல அங்கி. பொன் கரை. கிரீடம். தலைக்குப் பின்னால் வட்டமாக ஒளிரும் தங்க விளிம்பு. இதைப் படிக்கும் உங்களுக்குப் புரிந்துவிட்டது. வரலாற்றில் பட்டம் பெற்றவனுக்குப் புரியவில்லை.

போட்டி அன்று மதியம் சவரிமுத்து வீட்டுக்கு வந்து செலினை உடைக்குள் வைத்துத் தைத்தார். கைகளைப் பக்கவாட்டில் கொஞ்சம் விரித்து, உள்ளங்கை வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளச் சொன்னார். அவருடைய சட்டைக் கைகள் அந்த ஒரே கோணத்தில்தான் வெட்டப்பட்டிருந்தன.

"கைய எறக்காத பாப்பா. எறக்கனா தோள் பிரிஞ்சிடும்."

இதை எப்படிக் கழற்றுவது என்று அமலி கேட்டாள்.

"அடுத்த திருநாளுக்குதான கழட்டுவோம்" என்று நூலைப் பல்லால் கடித்தார். வேலை முடிந்ததும் ஓர் அடி பின்னால் போய்ப் பார்த்து, பழக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டார். அதைக்கூட நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு நான் முகத்துக்கு வெள்ளை பூசினேன். காய்ந்ததும் செலின் சுண்ணாம்புச் சிலை மாதிரி ஆகிவிட்டாள். மேடை ஏறும்வரை வாயைத் திறக்காதே, பூச்சு வெடித்துவிடும் என்றேன். வாயைத் திறக்க வேண்டும் என்பதற்காகவே போட்டிக்குப் போகிற பெண்ணிடம்.

ஆட்டோ வந்தது. மூங்கில் கூடு ஆட்டோவுக்குள் நுழையவில்லை. நேராக, பக்கவாட்டில், சாய்த்து, எல்லா விதமாகவும் முயன்றோம். ஆட்டோக்காரர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, சவாரி வேண்டாம் என்று போய்விட்டார். எங்கள் தெரு முனையில் காய்கறி இறக்கிவிட்டு நின்றிருந்தது வேலுவின் குட்டி யானை. வேலு தவளக்குப்பத்துக்காரர். முந்தின வாரம்தான் ஆயுத பூஜை முடிந்திருந்தது. வண்டியின் முன்பக்கம் வாழைக்கன்றும், சந்தனப் பொட்டும், சாமந்தி மாலையும் அப்படியே இருந்தன. நகரத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் நானும் சவரிமுத்துவும் செலினை அலாக்காகத் தூக்கி வண்டியில் நிறுத்தினோம். வேலு திரும்பி வந்து அவளை அண்ணாந்து பார்த்தார். வண்டியில் ஏறினார்.

அமலி முன் சீட்டில். நான் பின்னால், செலின் பக்கத்தில். சாயங்கால வெயிலில் பூச்சு உருகாமல் இருக்க, அவள் தலைக்கு மேல் குடை பிடித்தேன். மெயின் ரோட்டின் பள்ளங்களில் கூடு உடைந்துவிடும் என்று பயந்து, உள் தெருக்கள் வழியாக நடக்கிற வேகத்தில் போகச் சொன்னேன்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அக்டோபர் எங்களுக்கு ஜெபமாலை மாதம். சாயங்காலம் ஆனால் மாதா சொரூபம் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும். பெண்கள் வாசலில் காத்திருந்து வரவேற்பார்கள். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற வழக்கம். அன்று எனக்கு நானூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்து மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

தெருவுக்குள் திரும்பினோம். வாசலில் நின்ற ஒரு பெண் எங்களைப் பார்த்தார், முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டார், உள்ளே திரும்பி, "மாதா வந்துட்டாங்க, மெழுகுவத்தி எடுத்தா" என்றார்.

கதவுகள் திறந்தன. நான் திரும்பிப் பார்த்தேன், பின்னால் மாதா வருகிறாரா என்று. பின்னால் ஒரு நாய் வந்தது.

அதற்குள் தெரு நிறையப் பெண்கள். முன்னால் ஃபிலோமினா டீச்சர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, அந்தத் தெரு ஜெபக்கூட்டத்துக்குத் தலைவி. அவர் பாட்டெடுக்க, கூட்டம் பின்பாட்டுப் பாட, வண்டி நின்றது. ஒருவர் மாலை போட்டார். ஒருவர் நேர்த்திக்கடனாக உப்பும் மிளகும் செலினின் காலடியில் கொட்டினார். ஒரு அம்மா தெருவிலேயே முழந்தாளிட்டு அங்கியின் கரையை முத்தமிட்டார்.

"அது வந்துங்க..." என்று ஆரம்பித்தேன்.

"கொடைய நேரா புடிப்பா" என்றார் ஃபிலோமினா டீச்சர்.

நேராகப் பிடித்தேன். தலைமையாசிரியை சொன்னால் கேட்டுப் பழகிய தலைமுறை.

அமலி இறங்கி ஓடி வந்தாள். வண்டி ஓரத்தில் நின்று, "சொல்லுங்க" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. நீ சொல்லேன் என்றேன். "இட்டாந்தது யாரு?" என்றாள். நியாயமான கேள்வி. ஆனால் எப்படிச் சொல்வது? அம்மா, நீங்கள் மண்டியிட்டு முத்தமிட்டது மாதாவை அல்ல, போப்பாண்டவர் சபையை விட்டே தள்ளிய இங்கிலாந்து ராணியை, அதுவும் அல்ல, என் பெண்ணை. இந்த வாக்கியத்தை மூன்று விதமாக மனதில் எழுதிப் பார்த்தேன். மூன்றிலுமே கடைசியில் எனக்கு அடி விழுந்தது.

ஆகவே ஒரு பாட்டு முடியட்டும் என்று காத்திருந்தேன். பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு ஆரம்பித்தது. கூட்டம் முன்னால் நடக்க, வேலு பக்தியோடு வண்டியை அவர்கள் பின்னால் நகர்த்தினார். நாங்கள் பள்ளிக்கு நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தோம்.

அப்போது ரெஜினா என்ற பெண் (பெயர் பிறகுதான் தெரியும்) சக்கரத்தில் கால் வைத்து ஏறி, செலினின் காதருகே குனிந்தார். மகன் டேவிட்டுக்குப் பிரான்ஸ் விசா இழுத்துக்கொண்டே போகிறதாம், காகிதம் எல்லாம் சரியாக இருந்தும் திருப்பி அனுப்புகிறார்களாம், நீதான் தாயே பார்த்துக்கொள்ள வேண்டும். செலினின் கண் மட்டும் மெதுவாக அவர் பக்கம் திரும்பியது. ரெஜினா அழுதுகொண்டே இறங்கி, கண் அசைந்தது என்று பக்கத்தில் சொன்னார். செய்தி தெரு முனைவரை போய்விட்டு வந்தது.

அந்த நேரத்தில், உதடே அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"ப்பா. ஒண்ணுக்கு வருது."

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா."

"அப்பவே வந்துடிச்சு. நீ வாயத் தொறக்காதன்ன."

ஒரு வீட்டிலிருந்து சாம்பிராணித் தூபக்கால் வந்தது. நேராக மூங்கில் கூட்டுக்குக் கீழே வைத்தார்கள். புகை உள்ளே ஏறி, கழுத்து வழியாக வெளியே வந்தது. செலினின் மூக்கு சுருங்கியதை நான் பார்த்தேன். உலகத்தில் தடுக்க முடியாதவை சில உண்டு.

தும்மினாள்.

முதுகுத் தையல் மேலிருந்து கீழ்வரை பிரிந்தது. காலர் நெற்றியில் வந்து விழுந்தது. கன்னத்திலிருந்து வெள்ளைப் பூச்சு ஒரு துண்டாகப் பெயர்ந்து தூபக்காலுக்குள் விழுந்தது. பாட்டு ஒரு சொல்லின் நடுவில் நின்றது. வேலு எஞ்சினை அணைத்தார்.

அந்த அமைதியில், ஒரு வருடத்துக்கு முன் மைக்கைப் பார்த்து ஊமையான என் மகள், தெருவையே பார்த்தாள். கையை இறக்கினாள். தோளும் பிரிந்தது.

"மன்னிச்சிடுங்க அத்தை" என்றாள் சத்தமாக. "நான் மாதா இல்ல. நான் செலின். போட்டிக்கு வேஷம் போட்டுகினு போறேன். எனக்கு பாத்ரூம் போவணும்."

யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏம்பா," என்றார் ஃபிலோமினா டீச்சர், நிதானமாக. "இவ்ளோ நேரம் கொடயப் புடிச்சிகினு நீ இன்னா பண்ணிகினு இருந்த?"

எனக்குப் பதிலாக வேலுதான் பேசினார். "சாமின்னு நெனச்சி செருப்பக் கழட்டிட்டுல்ல ஓட்டினு வந்தேன்" என்று கீழே இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, என்னை அதே செருப்பைப் பார்த்த மாதிரி பார்த்தார்.

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அதற்கு அவர்களுக்கு நேரமில்லை. பெண்ணுக்கு அவசரம். இறக்கினார்கள். அந்தத் தெருவின் குறுகிய வாசல் எதிலும் கூடு நுழையவில்லை. ஃபிலோமினா டீச்சர் வீட்டு முன்வாசலில் நான்கைந்து பேர் புடவைகளை விரித்துப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். உள்ளே கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. நான் வெளியே நின்றேன். குடையை மடக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

செலின் போய்விட்டு வந்தாள். மறுபடி உடுத்த ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் கூட்டைப் பிடிக்க, ஒருவர் கொக்கி தைக்க, ஒருவர் ஊசி குத்த, இன்னொருவர் அது தப்பு என்று சொல்ல. இது என்ன வேஷம் பாப்பா என்று யாரோ கேட்டார்கள்.

புடவைக்குப் பின்னாலிருந்து என் மகளின் குரல் வந்தது. முதலில் மெதுவாக. அந்த மகாராணிக்கும் இப்படித்தான் சுற்றி நின்று உடுத்துவார்கள், தானாகப் போட்டுக்கொள்ளவே முடியாது என்றாள். குண்டூசி பற்றிச் சொன்னாள். காலருக்குக் கஞ்சி போட்டதைச் சொன்னபோது, அந்த ஊரிலும் கஞ்சியா, ஈரக் காத்துக்கு நிக்காதே என்று ஒரு குரல் கவலைப்பட்டது. நிக்காதுதான், மழை வந்தால் கழுத்தில் கோழிச் சிறகு மாதிரி தொங்கும் என்றாள் செலின். சிரித்தார்கள். யார் என்ன துணி உடுத்தலாம் என்று சட்டம் போட்டிருந்ததைச் சொன்னாள்.

"அதான் இங்கயும் இருந்துச்சே" என்றார் ஒரு வயதான பெண்மணி. "சட்டம் எழுதி வெக்கல, அவ்ளோதான்."

முகத்தில் பூசிய வெள்ளையில் ஈயம் இருந்தது, அது தோலையே அரித்துவிடும், அரித்த தழும்பை மறைக்க இன்னும் கனமாகப் பூசுவார்கள் என்று அவள் சொன்னாள். உடனே ஒருத்தி, நம்ம மருமவளும் ஒரு கிரீம் பூசறா என்றாள். அதற்கு ஒரு பெரிய சிரிப்பு.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சை நான் அதற்கு முன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அதில் பாதி நான் படித்துச் சொன்னதும் அல்ல. அவளாகத் தேடிப் படித்திருக்கிறாள்.

இதற்கிடையில் நிஜ மாதா ஒரு ஆட்டோவில் வந்து சேர்ந்திருந்தார். எங்கள் வண்டி தெருவை அடைத்துக்கொண்டு நின்றதால் பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அந்த எளிமையான சின்னச் சொரூபத்தில் சரிகைகூட இல்லை. வேலு பக்கத்தில் போய், ரொம்பச் சந்தேகத்தோடு அதை உற்றுப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று என்னிடமே கேட்டார்.

நாங்கள் போட்டி நடந்த பள்ளிக்குப் போனபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். செலின் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்தவரை அழைத்துவிட்டார்களாம். முதல் பரிசு, படுக்கை விரிப்பை உடம்பில் சுற்றி ஒற்றைத் தோளில் ஊக்கு குத்திக்கொண்டு வந்த ஒரு கிரேக்கனுக்கு. அவன் அப்பாவைப் பார்த்தேன். ஊக்கு குத்துகிற நேரம்தான் அவருக்கு ஆகியிருக்கும். நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

நான் மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கண் கலங்கியது. செலின் வாசலில் வாங்கிய வேர்க்கடலையைத் தின்றுகொண்டு, கூடு இடித்ததால் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"எதுக்குப்பா அழுவற?"

"ஒரு வருஷமா இதுக்குதான காத்துகினு இருந்த. பேசவே முடியாம போச்சே."

"பேசனேனே."

"இங்க யாரும் கேக்கலியேம்மா."

"நீ கேட்டியா?"

"கேட்டேன்."

"அப்பறம் இன்னா" என்று கடலைப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினாள்.

அடுத்த வாரம் வகுப்பில் கை தூக்கினாளாம். அதற்கடுத்த வருடம் பேச்சுப் போட்டி. இப்போது பத்தாம் வகுப்பு. ஆண்டு விழாவைத் தொகுத்து வழங்குவதே அவள்தான். வீட்டில் விருந்தாளி வந்தால் இப்போது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது நான்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்பு எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. ரெஜினா. கையில் ஒரு பெரிய கேக். டேவிட்டுக்கு விசா வந்துவிட்டது. நான் பதறிப்போய், அன்று அங்கே நின்றது என் பெண்தான், அவளுக்கும் விசாவுக்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். எல்லாம் எனக்கும் தெரியும் என்றார். "யாரா இருந்தா இன்னாண்ணா. கேட்டேன், கண்ண அசச்சிது, கெடச்சிது" என்று என்னைத் தாண்டி உள்ளே போய் செலின் கையில் கேக்கைக் கொடுத்தார். செலின் மறுக்கவில்லை. கேக் விஷயத்தில் அவளுக்குக் கொள்கை கிடையாது.

அது வருடாந்திர வழக்கமாகிவிட்டது. போன வருடம் ரெஜினா தன் நாத்தனாரையும் அழைத்து வந்தார். நாத்தனார் மகனும் பிரான்ஸ் போக வேண்டுமாம். எங்கள் குடும்பத்தில் இப்போது யாருக்கு என்ன வேண்டுமானாலும் செலின் முன்னால் போய் நின்று, தலையில் முந்தானையோ துண்டோ போட்டுக்கொண்டு கேட்கிறார்கள். இங்கிலீஷ்காரியை வீட்டுக்குள் விடக்கூடாது என்ற பெரியப்பா, பென்ஷன் காகிதம் பாரிஸிலிருந்து வரத் தாமதமானபோது, தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவள் அறை வாசலில் நின்றார்.

போன மாதம் கணக்குத் தேர்வுக்கு முந்தின நாள் நானும் நின்றேன். எனக்கு வழக்கம் போலத் தூக்கம் போயிருந்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, "தாயே, இந்தக் கணக்குல மட்டும் எப்படியாவது பாஸாயிடு" என்றேன்.

செலின் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். கைகளைப் பக்கவாட்டில் கொஞ்சம் விரித்து, உள்ளங்கையைக் காட்டி, கண்ணை மட்டும் மெதுவாக என் பக்கம் திருப்பினாள்.

"கணக்கு நம்ம கையில இல்லப்பா. நான் விசா மட்டும்தான் பாக்கறேன்."